பூஜையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்

ஹாரன் போய்விட்டது என்பதை எனக்கு முதலில் தெரிவித்தது ஒரு மாடு. விஜயதசமி அன்று காலை, பத்து மணி தாண்டியிருக்கும். மதியம் கிளம்புவதற்குத் தோதாக வண்டியை வாசலில் திருப்பி நிறுத்திவிடலாம் என்று எடுத்தேன். மாடு நடுத்தெருவில் படுத்துக்கொண்டு, யார் வீட்டிலிருந்தோ பிடுங்கிய வாழைக்கன்றை மென்றுகொண்டிருந்தது. ஹாரனை அமுக்கினேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கருவடிக்குப்பம் மாடுகள் எப்போதுமே பார்க்காது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மறுபடி அமுக்கினேன். உள்ளங்கையை வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து அமுக்கினேன். ஒன்றுமில்லை.

ஒரு ஹாரனுக்காக இப்படிப் பதறுவானா ஒருவன் என்று கேட்கலாம். அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு என் மகளை அந்த வண்டியில்தான் சென்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவள் பிரான்சுக்குப் போகிறாள். ஊர் சுற்ற இல்லை, குடித்தனம் பண்ண.

அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி. புதுச்சேரியில் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட பிறகு பெண் வீட்டார் வேறு எதுவும் விசாரிப்பதில்லை என்று கேலி பேசுவார்கள். நான் விசாரித்தேன். பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வேலை. குடி இல்லை. பெற்றவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறவன். லீவில் வந்தான், கல்யாணம் நடந்தது, மூன்று வாரம் சேர்ந்து இருந்தார்கள், அவன் போய்விட்டான். அதற்கப்புறம் இவள் பேப்பருக்காகக் காத்திருந்தாள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். நல்ல பையன்தான். ஆனால் மூன்று வாரம் குடியிருந்தால் ஒரு வாடகை வீட்டைப் பற்றிக்கூட முழுசாகத் தெரியாது. மழை பெய்தால்தான் எங்கே ஒழுகும் என்று தெரியும்.

விசா வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு வாக்கியம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. ‘பிடிக்கலன்னா திரும்பி வந்துடு பாப்பா.’ அவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது? வீடு முழுக்க ஒரே சந்தோஷம். சொந்தக்காரர்கள் ஸ்வீட்டோடு வந்துபோகிறார்கள். என் மனைவி மிளகாய்ப்பொடியும் வடகமும் பொட்டலம் கட்டுகிறாள். கல்யாணமான பெண், முதன்முதலாகப் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். அவளைப் பார்த்துத் திரும்பி வா என்று சொன்னால் என் மனைவி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். நல்ல நாளும் அதுவுமாக இவர் வாயில் வருவதைப் பார் என்பாள்.

அதனால் நான் காரை நம்பியிருந்தேன். மகள் எப்போதும் முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். மனைவி பின் சீட்டு. அவள் எந்தப் பயணத்திலும் காலாப்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிற பிறவி. அப்புறம் மூன்று மணி நேரம் நானும் மகளும் மட்டும். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாதா எனக்கு? இந்தக் கணக்கில்தான், கால் டாக்ஸி சொல்லிவிடலாம் என்று மனைவி ஆரம்பத்தில் சொன்னதை நான் சண்டை போட்டுத் தடுத்து வைத்திருந்தேன். டாக்ஸியில் போனால் டிரைவர் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். அவர் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவார். நான் உச்சுக்கொட்டிக்கொண்டே போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஹாரன் அடிக்காமல் ஓட்டத் தெரியாதவன். தெருமுனைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, கோயிலைத் தாண்டினால் சாமிக்கு இரண்டு. எதிரில் யாருமே இல்லாவிட்டால், யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று ஒன்று. ‘உங்கப்பா ஆக்சிலேட்டர்ல ஓட்டல, ஹாரன்லதான் ஓட்றாரு’ என்பாள் மனைவி.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

“என்னாங்க ஆச்சி?”

“ஒண்ணுமில்ல. ஹாரன் அடிக்கல. ஃபியூஸா இருக்கும்.”

அவள் ஒரு நிமிஷம் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். ஜன்னல் வழியாக அவள் போனில் பேசுவது கேட்டது. டாக்ஸிக்காரரிடம்தான். திரும்ப வந்து சொன்னாள்.

“பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்கன்றாரு. பண்டிகை நாளு, அதுக்கு மேலன்னா வேற சவாரிக்குப் போயிடுவாராம். ஹாரன் இல்லாத வண்டில அந்த ஈசிஆர் ரோட்டுல எம் பொண்ண நான் ஏத்த மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எதிரில் பஸ் ஏறி வரும், ஆடு மாடு குறுக்கே வரும், நானே ஏற்ற மாட்டேன். பன்னிரண்டுக்குள் சரி செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் மின்துறை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்றால்கூட என்னைக் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக நான் தொட்டது ஃபைல்தான், கரண்டை இல்லை. இருந்தாலும் ஃபியூஸ் பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியும். மூடியின் உள்பக்கம் எது எதற்கான ஃபியூஸ் என்று படம் போட்டிருக்கும். அதைப் பிடுங்குவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் இடுக்கியும் அங்கேயே மாட்டியிருக்கும். ஹாரன் ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் இருந்த கம்பி அறுகாமல் இருந்தது. நம்பிக்கையில்லாமல் அதே அளவில் வேறொரு ஃபியூஸைப் பிடுங்கி இங்கே செருகினேன். ஸ்டியரிங்குக்கு ஓடி அமுக்கினேன். பேச்சுமூச்சில்லை.

மகள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து நின்றாள். விடியற்காலையிலேயே அம்மாவும் பெண்ணும் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். நெற்றியில் விபூதி அழியாமல் இருந்தது.

“என்னாப்பா, நீ ஓடி ஓடி அமுக்கற? நான் அமுக்கறேன், நீ அங்கயே நில்லு.”

அவள் உள்ளே உட்கார்ந்து அமுக்க, நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக் காதை வைத்துக் கேட்டேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். விட்டாள், டிக். அது ரிலே. ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சின்ன டப்பா. மகள் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்து எனக்குக் காட்டினாள். அதில் வந்தவர் ரிலேயில் டிக் சத்தம் வந்தால் பட்டனும் ஸ்டியரிங்கும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஹாரனிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான் என்று சொன்னார். அந்த மனிதருக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் சிரித்தார்.

“வீடியோவ ஓட்டி விடு பாப்பா, முன்னால தள்ளு.”

“தள்ளிட்டேன்பா. ஹாரன் முன்னாடி கிரில்லுக்குப் பின்னால இருக்குமாம். மேல இருக்கற பிளாஸ்டிக் கவர கழட்டணும். நாலு ஸ்க்ரூ.”

நான்கு ஸ்க்ரூ. இங்கேதான் விஷயமே. ஸ்க்ரூடிரைவர் பூஜையில் இருந்தது.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்கலாம். ஆயுத பூஜை அன்று வீட்டில் உள்ள கருவிகளையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிடுவோம். அன்று முழுக்க அவற்றைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் சிவப்புத் துணி விரித்து, என் டூல் பாக்ஸ், அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல், தையல் மெஷின், மகளின் லேப்டாப் எல்லாம் வரிசையாக இருந்தன. அவளுடைய பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும்கூட அங்கேதான். பாஸ்போர்ட் அட்டைமேல் குங்குமம் வைத்திருந்தாள் மனைவி. இமிகிரேஷனில் கேள்வி கேட்பார்களே என்று நான் முந்தின நாள் கத்தியதற்கு, அவர்களுக்கும் சாமி உண்டு என்று பதில் சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். மறுபூஜை பன்னிரண்டுக்கு மேல் என்று அவள் காலண்டரைப் பார்த்து முடிவு செய்து வைத்திருந்தாள்.

டாக்ஸிக்குப் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும். ஸ்க்ரூடிரைவர் பன்னிரண்டுக்கு மேல் கிடைக்கும். ராகு வேறு யாருக்காவது இப்படி நேரம் பார்த்துக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

கூடத்துக்குள் பூனை மாதிரி நுழைந்தேன். டூல் பாக்ஸ் மூடியில் கை வைப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“தொடாதீங்க.”

“ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர்தான். எடுத்துட்டு இதோ வெச்சிடறேன்.”

“பாப்பா கடல் தாண்டிப் போவுது. அதுக்காகத்தான் இந்த வருஷம் இவ்ளோ பாத்து பாத்து செஞ்சிருக்கேன். நடுவுல கலைச்சி வெக்காதீங்க.”

அவள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் கவரை ஒற்றை ரூபாய்க் காசை வைத்துத் திருகிப் பார்த்தேன். அது நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, காசு வழுக்கியது. ஸ்பூன் காம்பை விட்டேன், காம்பு வளைந்தது. நகத்தை விட்டேன், நகம் பிய்ந்தது. வண்டியைச் சுற்றி நடந்தேன். மறுபடி நடந்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பினேன்.

ஸ்கூட்டருக்கும் மாலை போட்டிருந்தது. பிய்ப்பதற்குப் பொறுமையில்லாமல் அப்படியே போனேன். தெருவுக்குத் தெரு உடைத்த பூசணிக்காய் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது, வழுக்கி விழாமல் போவதே பாடு. முத்தியால்பேட்டை வரைக்கும் ஒரு ஒர்க் ஷாப் விடாமல் பார்த்தேன். எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. ஷட்டருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சந்தனப்பொட்டு. என் வண்டியை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“சார், டூல்ஸ் எல்லாம் பூஜையில இருக்கு சார். சாயங்காலமா வாங்க, மொத வேல உங்க வேலதான்.”

சாயங்காலம் என் பெண் சென்னையில் இருப்பாள் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. பெரிய மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை ஏதாவது திறந்திருக்கும், புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றியது. பண்டிகைக் கூட்டத்துக்குள் போய்த் திரும்பினால் பன்னிரண்டு தாண்டிவிடும். அக்கம்பக்கத்தில் யாரிடம் கேட்கலாம் என்று ஒவ்வொரு வீடாக மனதில் தட்டினேன். எல்லோர் வீட்டு ஸ்க்ரூடிரைவரும் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. ஒரு தெரு முழுக்க ஒரு ஸ்க்ரூவைத் திருப்ப ஆளில்லை.

அப்போதுதான் முசியே ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

எங்கள் தெருமுனை வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். இந்த மாதிரி ஆட்களை ஊரில் சொல்தா என்பார்கள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் முசியே, அதாவது ஐயா. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், அவர் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. தோட்டத்தில் எந்நேரமும் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். டூல்ஸ் அவரிடம் கட்டாயம் இருக்கும். ஆனால் அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். காரணம் என் ஹாரன். தெருமுனையில், சரியாக அவர் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் நான் திரும்பும்போது அடிப்பேன். அவர் மதியம் தூங்குகிறவர். ஒரு நாள் கேட்டில் வந்து நின்று பிரெஞ்சிலேயே என்னவோ திட்டினார். புரியாததால் நான் தமிழில் திட்டினேன். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்த முனையில் ஒன்று கூடுதலாகத்தான் அடித்துவந்தேன்.

கேட்டைத் தட்டினேன். தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பனியனும் அரைக்கால் சட்டையும் காலில் பளபளவென்று சப்பாத்தும்.

“முசியே, ஒரு ஸ்க்ரூடிரைவர் வேணும். அர மணி நேரத்துல குடுத்துடறேன்.”

“எதுக்கு?”

பொய் சொல்ல வாய் வந்தது. பொய் யோசிக்கிற அளவுக்கு நேரம் இல்லை.

“ஹாரன் வேல செய்யல.”

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம், அதை மறைக்கக்கூட அவர் சிரமப்படவில்லை.

“கார் ஹாரனா?”

“ஆமா.”

“சுத்தமா அடிக்கலயா?”

“சுத்தமா.”

“கொஞ்ச நாளு அப்படியே இருக்கட்டுமே தம்பி. ஒரு அவசரமும் இல்லயே.”

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவமானத்தினாலா என்று கேட்டால் அது மட்டுமில்லை. காலையிலிருந்து ஓடின ஓட்டம் எல்லாம் சேர்ந்து வந்தது. “பாப்பா இன்னிக்கு பிரான்சுக்குப் போவுது முசியே. ஒரு மணிக்குக் கெளம்பணும். நான்தான் ஓட்டிட்டுப் போவணும்” என்றேன். கடைசி வார்த்தையில் குரல் சரியாக வரவில்லை.

அவர் முகம் மாறியது. உள்ளே போனார். வரும்போது ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, கக்கத்தில் ஒரு டார்ச்சோடு வந்தார். சட்டை மாட்டியிருந்தார்.

“ஏறுறேன், வண்டிய எடு” என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

எங்களிருவரையும் ஒரே வண்டியில் பார்த்து என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கையில் போன் இருந்தது. மணி பதினொன்றரையைத் தாண்டிவிட்டது.

நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். ஒன்று உருண்டு என்ஜினுக்குள் விழுந்தது. “பொறுமையா” என்றார் முசியே. “பொறுமையாதான் பண்றேன்” என்று கத்தினேன். அவர் டார்ச்சை என் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தார். கிரில்லுக்கு அந்தப் பக்கம் அடிங்க என்றால் என் கையில் அடித்தார். கவரைத் தூக்கினேன். ஹாரன் தெரிந்தது, கறுப்பாக, ஒரு சாஸர் அளவில். அதன் முதுகில் ஒயர் செருகுகிற தகரக் காது காலியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒயர் ஒரு சாண் தள்ளித் தொங்கியது. அதன் நுனியில் சணல் கயிறு, அழகாக இரண்டு முடிச்சு.

எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குக் காரின் முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்டியது நான். கன்று சாயக் கூடாது என்று கயிற்றைக் கிரில்லுக்குள் விட்டு, உள்ளே எது கைக்குத் தட்டுப்பட்டதோ அதைச் சுற்றி இழுத்துக் கட்டியிருந்தேன். காலையில் மகள், ‘வாழமரத்தோட ஏர்போர்ட்டுக்கு வராதப்பா, மானம் போயிடும்’ என்றாள். அவிழ்க்கப் போனால் முடிச்சு இறுகிக் கிடந்தது. அறுக்கலாம் என்றால் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பூஜையில். வேறென்ன செய்வது, காலை பம்பரில் முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். கன்று வந்துவிட்டது. ஒயரும் வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

“இத கட்னது யாரு?” என்றார் முசியே.

“நான்தான்.”

“பிச்சது?”

“அதுவும் நான்தான்.”

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பெட்டியிலிருந்து குறடு எடுத்துக் கயிற்றை நறுக்கினேன். ஒயர் நுனியில் இருந்த உறை வாய் பிளந்திருந்தது. அதைக் குறடால் லேசாக நெருக்கி, தகரக் காதில் செருகினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. “பாப்பா, அமுக்கு” என்றேன்.

தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். முசியே பழக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டார், பிறகு கையை எடுத்துவிட்டார். மகள் இன்னொரு முறை அடித்தாள். வாசலில் நின்ற என் மனைவி போனைக் காதில் வைத்து, “வேணாங்க, எங்க வண்டியே ரெடியாயிடுச்சி” என்று சொல்வது கேட்டது. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

“மெர்சி முசியே” என்று நன்றி சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு அதுதான். அவர் என் மகளின் தலையில் கை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை, பிரெஞ்சு கிளாசுக்குப் போன அவளுக்குப் புரிந்திருக்கும். தலையாட்டினாள்.

பன்னிரண்டுக்கு மேல் கற்பூரம் ஏற்றியாயிற்று. என் ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்தது, அதற்குள் அதற்கு வேலையில்லை. சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணினோம். பெட்டிகளை ஏற்றினோம். ஒரு மணிக்குச் சொன்ன மாதிரி கிளம்பினோம், மகள் முன் சீட்டில், மனைவி பாஸ்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால்.

தெருமுனையில் கை தானாக ஹாரனுக்குப் போனது. முசியே வீட்டு ஜன்னலைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டேன். ஈசிஆரில் ஏறினேன். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன், விழித்திருந்தாள். காலாப்பட்டு வந்தது. விழித்திருந்தாள். வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டேன். எடுத்ததும் சொல்லக் கூடாது, குளிர் எப்படி இருக்குமாம் என்று ஆரம்பித்து மெதுவாக வர வேண்டும். கனகசெட்டிக்குளம் தாண்டியதும், “அங்க இப்ப குளிர் ஆரம்பிச்சிருக்கும் இல்ல?” என்றேன்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

எத்தனை ராத்திரியாகச் சரியாகத் தூங்கவில்லையோ, பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக. கன்னத்தைக் கதவுப் பக்கம் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போதும் இப்படித்தான் தூங்குவாள். எழுப்பலாமா என்று நினைத்தேன். ஒரு ஹாரன் அடித்தால் போதும், தானாக விழிப்பாள். கை போகவில்லை.

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி ஒரு பஸ் வழிவிடாமல் உருண்டுகொண்டே போனது. அதன் பின்னாலேயே போனேன். கடப்பாக்கம் பக்கம் ஆட்டுக் கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு, அவை தாமாக நகரும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் அடித்தான். கண்ணாடியை இறக்கி அவனை முறைத்தேன். வாயைத் திறந்தால் இவள் எழுந்துவிடுவாள் என்று திட்டவில்லை. கால் மரத்தது, தோள் வலித்தது, உள்ளுக்குள் அந்த வாக்கியம் முட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊர்ப் பலகை பின்னால் போகும்போதும் என் மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் போனது. பின் சீட்டில் இருந்தவள் மட்டும் ஒரு கண்கூட மூடாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏர்போர்ட் வாசலில் வண்டி நின்றதும்தான் மகள் கண் விழித்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பதறிப் போய் எழுந்தாள்.

“ஐயோ, தூங்கிட்டேனாப்பா? ஏன் எழுப்பல? மறுபடியும் ஹாரன் போயிடுச்சா? சத்தமே கேக்கலயே.”

“நல்லாதான் இருக்கு” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. “நீ தூங்கறன்னு உங்கப்பா அடிக்கவே இல்ல. கனகசெட்டிக்குளத்துலேர்ந்து ஒண்ணுகூட அடிக்கல.”

மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நான் இறங்கிப் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தேன். வண்டியை எடு எடு என்று போலீஸ்காரர் விசில் ஊதினார். டிராலி வந்தது, பெட்டி ஏறியது. இனி எதற்கும் நேரமில்லை. குளிரில் ஆரம்பித்து மெதுவாக வருவதெல்லாம் போயிற்று. விசில் சத்தத்துக்கு நடுவில், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, அது என் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“பிடிக்கலன்னா திரும்பி வந்துடு பாப்பா.”

சொல்லிவிட்டு நான் மனைவியைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்பா. அம்மா காலையில கோயில்லயே சொல்லிடுச்சி. ஒரு நாளு மனசு ஒப்பலன்னாலும் ஏறி வந்துடு, ஊரு என்னா பேசினாலும் நான் பாத்துக்கறேன், உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்னு சொல்லுச்சி.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து நான் நகம் பிய்த்துக்கொண்டு, ஊர் சுற்றி, பேசாதவரிடம் போய் நின்று, மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஓட்டி வந்தது எதற்காகவோ, அதை இவள் விடிவதற்குள் சாமி சந்நிதியில் சொல்லி முடித்துவிட்டு வந்து வெங்காயம் உரித்திருக்கிறாள். அதுவும் நான் சம்மதிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு. திரும்பினேன். அவள் முந்தானையால் பாஸ்போர்ட் மேலிருந்த குங்குமத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் துடைத்து, மகளிடம் கொடுத்தேன்.